இதுவும் ஒரு பழங்கற்படி

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்கு வருகிறவர்கள் கல்தேரின் சக்கரத்தருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். படிகளைத் தட்டி ஓசை கேட்கிறார்கள். கருவறைச் சுவரின் அடித்தளத்தை ஒட்டி ஓடும் சின்னச் சின்னச் சிற்பங்களைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. நாயன்மார் கதைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்கும் காட்சிகூட உண்டு. பல சிற்பங்களோடு, எது யாருடைய கதை என்று சொல்லும் எழுத்தும் வெட்டப்பட்டிருக்கிறது.

அந்த எழுத்துகள்தாம் என்னை இழுக்கின்றன. நான் பெரிய நிறுவனங்களுக்குத் தரவுச் சேமிப்பு அமைத்துக் கொடுக்கும் பொறியாளன். ஸ்டோரேஜ் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். வங்கிக் கணக்கு, மருத்துவமனைப் பதிவு, நிலப் பட்டா எல்லாம் எங்கோ ஓர் அறையில் வரிசை வரிசையாகச் சுழலும் டிஸ்க்குகளில் இருக்கின்றன. அவை தொலையாமல், மாறாமல், கேட்டவுடன் கிடைக்கும்படி பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. அந்தக் கண்ணோடு சோழநாட்டுக் கோயில் ஒன்றைச் சுற்றிவந்தால், இதே வேலையைச் செய்தவர்களின் கைத்தடம் சுவரெங்கும் தெரியும்.

சேக்கிழார் பெரியபுராணத்தைப் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். அவன் மகன் இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது இந்தக் கோயில். ஓலையில் இருந்த ஒரு நூல், ஒரு தலைமுறைக்குள் கல்லிலும் ஏறிவிட்டது. ஓலைக்கு வரும் ஆபத்து வேறு, கல்லுக்கு வரும் ஆபத்து வேறு. கரையான் கல்லைத் தின்னாது. கல் பொரிந்து உதிர்வதால் ஓலைக்கு ஒன்றும் ஆகாது. ஒரே நாளில் இரண்டும் அழிவது அரிது. பக்தியில் செய்த காரியம்தான் அது. ஆனாலும், ஒரே தரவை இரண்டு வகை ஊடகத்தில் வை என்று நாங்கள் இன்று வற்புறுத்துவது அங்கே முழுதாக நடந்திருக்கிறது.

பெயர் எழுதிவைப்பதன் அருமையைக் காட்ட இதே ஊரில் கிடைத்த இன்னொரு சிலை போதும். இப்போது தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கும் அந்தத் துவாரபாலகரின் முகமும் உடற்கட்டும் சோழச் சிற்பிகள் கை இல்லை. அதிலுள்ள ஒரு சிறு தமிழ்க் கல்வெட்டு, கல்யாணபுரத்தை வென்ற விஜயராஜேந்திரன் அங்கிருந்து கொண்டுவந்தது என்கிறது. அதாவது முதலாம் ராஜாதிராஜன், 11-ஆம் நூற்றாண்டு, சாளுக்கியத் தலைநகர். அந்த வரி இல்லாவிட்டால் நம் கையில் இருப்பது வேற்றூர்ச் சாயலுள்ள ஒரு காவலர் சிலை மட்டும்தான். எங்கள் தொழிலில் இதற்கு மெட்டாடேட்டா என்று பெயர்: தரவைப் பற்றிய தரவு. ஒரு டிஸ்க்கில் கோடிக்கணக்கான கோப்புகள் பழுதில்லாமல் இருந்தும், எது யாருடையது, எந்தத் தேதியது என்று சொல்லும் பட்டியல் போய்விட்டால், அந்த டிஸ்க் பெயர் தெரியாத சிற்பங்கள் அடுக்கிய கிடங்காகிவிடும்.

முகவரி வைப்பதிலும் அவர்கள் கறாரானவர்கள். முதலாம் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தளிச்சேரிப் பெண்டுகள் என்ற கோயிற்பணிப் பெண்கள் 400 பேரைக் குடியமர்த்தியபோது, ஒவ்வொருவர் பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பதும், எந்தத் தெரு, எந்தச் சிறகு (வீட்டு வரிசை), அந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் சுவரில் ஏறின. ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ, அந்தப் பங்கைப் பெற்று அந்தப் பணியைச் செய்ய வேண்டியவர் யார், நெருங்கிய உறவினருக்குத் தகுதி இல்லையென்றால் வேறு யாரை அமர்த்துவது என்பதையும் அதே கல்வெட்டு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஓர் இடம் காலியானதும் நிரப்ப ஆள் தயாராக இருக்க வேண்டும். டிஸ்க் அடுக்குகளில் நாங்கள் வேலை கொடுக்காமல் ஒன்றிரண்டு டிஸ்க்குகளைச் சும்மா சுழலவிட்டு வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

டிஸ்க்குகள் சாகும். இதைத் தெரிந்துகொண்டு தொடங்குவதுதான் இந்தத் தொழில். ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. அதன் விளிம்பு மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. எழுதிப் படிக்கும் முனை தட்டைத் தொடாமல், ஒரு மீட்டரில் நூறு கோடியில் சில பங்கு உயரத்தில் மிதக்கிறது. ஆண்டுக்கணக்கில் இரவும் பகலும் அப்படி ஓடும் ஓர் இயந்திரம் ஒருநாள் நிற்பதில் வியப்பில்லை. ஆயிரம் டிஸ்க் வைத்திருக்கும் இடத்தில் மாதத்துக்கு ஒன்றாவது போகும்.

அப்படிப் போனதிலிருந்த தரவு எப்படித் திரும்ப வருகிறது? சோழர்காலக் கணக்கர்கள் ஒரு வழி காட்டுகிறார்கள். நிலதானக் கல்வெட்டில் இந்த இடத்தில் இத்தனை வேலி, அந்த இடத்தில் இத்தனை மா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, கடைசியில் ‘ஆக நிலம்’ என்று மொத்தத்தையும் வெட்டியிருப்பார்கள். கல் பொரிந்து நடுவில் ஓர் எண் போய்விட்டாலும், மொத்தத்திலிருந்து மற்றவற்றைக் கழித்தால் போன எண் கிடைத்துவிடும். மூன்று டிஸ்க்கில் 5, 8, 3 என்ற எண்கள் இருக்கின்றன என்று வையுங்கள். நான்காவதில் ‘ஆக 16’ என்று எழுதிவைக்கிறோம். இரண்டாவது டிஸ்க் செத்தால் பதினாறிலிருந்து ஐந்தையும் மூன்றையும் கழிக்க, எட்டு வந்துவிடுகிறது. உண்மையில் டிஸ்க்குகள் கூட்டுவதில்லை. எல்லாம் 0, 1 ஆக இருப்பதால், வரிசையில் உள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று மட்டும் குறித்துக்கொள்கின்றன. மீட்கும் முறை அதேதான். 1988-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் ஒரு கட்டுரையில் இந்த ஏற்பாடுகளை வகைப்படுத்தி ரெய்டு என்று பெயரிட்டார்கள். விலையுயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்கை நம்புவதைவிட, மலிவான பல டிஸ்க்குகளைக் கூட்டாக நம்பலாம் என்பதுதான் அவர்கள் வாதம். இன்று உலகத்தின் தரவு முழுக்க அந்த வாதத்தின் மேல்தான் நிற்கிறது.

டிஸ்க் மாற்றுவதை அருகில் நின்று பார்த்தால் வேலையின் பதற்றம் புரியும். செத்த டிஸ்க்கின் முகப்பில் ஆரஞ்சு விளக்கு எரியும். அதை நம்பி மட்டும் யாரும் கை வைப்பதில்லை. ஒருவர் திரையைப் பார்த்து வரிசை எண்ணை வாசிக்க, இன்னொருவர் பெட்டியிலுள்ள எண்ணோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப்பார்ப்பார். பக்கத்திலிருக்கும் நல்ல டிஸ்க்கைத் தவறி உருவிவிட்டால் இரண்டு போனதாகிவிடும், மொத்தத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. சரிபார்த்த பிறகு கொக்கியை விடுவித்து இரண்டு அங்குலம் மட்டும் இழுத்து, அப்படியே அரை நிமிடம் விட்டுவைப்போம். உள்ளே தட்டுகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கக்கூடும், நிற்க வேண்டும். அதன்பின் முழுதாக உருவினால் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருக்கும். புது டிஸ்க் உள்ளே போய் விளக்கு பச்சையில் மினுக்கத் தொடங்கியதும் ரீபில்ட் ஆரம்பம்: மற்ற எல்லா டிஸ்க்கையும் முதலிலிருந்து கடைசிவரை படித்து, கழித்து, போனதைப் புதிதில் எழுத வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 டெராபைட் டிஸ்க்கில் நொடிக்கு 200 மெகாபைட் எழுதினால் முடிக்க 1 லட்சம் நொடி, ஏறக்குறைய 28 மணி நேரம். அந்த நேரத்திலும் வங்கியோ மருத்துவமனையோ வேலையை நிறுத்தாது. ஆகவே நடைமுறையில் நாள்கணக்கில் நீளும். இன்னொன்றும் உண்டு. நல்ல டிஸ்க்குகளிலேயே 10-ன் 15-ஆம் அடுக்கு பிட்டுகளைப் படித்தால் ஒன்று படிக்க முடியாமல் போகலாம் என்று தயாரிப்பாளர்களே குறிப்பிடுவார்கள். அது 125 டெராபைட். எட்டு டிஸ்க் உள்ள குழுவில் ஒன்று செத்தால், மீதி ஏழையும் படிக்க 140 டெராபைட். கரணம் தப்பினால் மரணம். போதாதற்கு, ஒரே வாரத்தில் ஒரே ஆலையிலிருந்து வந்த டிஸ்க்குகளுக்கு வயதும் குறையும் ஒன்றுதான், அடுத்தடுத்துச் சாகும் பழக்கம் உண்டு. அதனால்தான் இப்போது ஒரு ‘ஆக’ போதாது என்று இரண்டு, மூன்று வைக்கிறோம். இரண்டு எண்கள் தெரியாமல் போனால் இரண்டு சமன்பாடு வேண்டும் என்ற பள்ளிக்கூட அல்ஜீப்ராதான் அடிப்படை. இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள் 1960-லேயே அதற்கு அழகான வழி எழுதிவைத்துவிட்டார்கள்.

செத்தது செத்ததாகத் தெரிந்தால் நல்லது. எனக்கு அதைவிடப் பயம் தருவது, செத்ததைச் சொல்லாத டிஸ்க். அது கேட்டதும் தரும், பிழைச்செய்தி எதுவும் வராது, ஆனால் தந்த தரவில் ஒரு பிட் மாறியிருக்கும். ஒரு பிட் மாறினால் ஒருவர் கணக்கில் இருப்பு மாறலாம், ஒரு எக்ஸ்ரே படம் திறக்காமல் போகலாம். இதைப் பிடிக்க, எழுதும்போதே தரவிலிருந்து ஒரு சிறு எண்ணைக் கணித்து வேறோர் இடத்தில் குறித்துவைப்போம். செக்சம் என்போம். படிக்கும்போது மறுபடி கணித்து, ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். யாரும் படிக்காத பழைய தரவையும் சில வாரங்களுக்கு ஒருமுறை இயந்திரமே வலியப் படித்துச் சரிபார்க்கும்.

பெரிய கோயில் நகைப் பட்டியல்களைப் படிக்கும்போது எனக்கு மெய்சிலிர்ப்பது இந்த இடத்தில்தான். முத்து இத்தனை என்று எண்ணிக்கை வரும். பிறகு ஆடவல்லான் என்று பெயரிட்ட நிறைகல்லால் நிறுத்த எடை வரும். அந்த எடையில் கோத்த சரடும் அரக்கும் சேர்த்தியா இல்லையா என்பதும் வரும். பத்து ஆண்டு கழித்து இன்னொரு கணக்கர் அதே கல்லைக் கொண்டு நிறுத்துப்பார்த்தால், ஒரு முத்து மாறியிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். எண்ணிக்கையும் எடையும் ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல. எண்ணிக்கை குறையாமல் நல்ல முத்தை எடுத்துவிட்டுச் சிறியதை வைத்தால் எடை சொல்லும்.

செக்சம் போன்ற குறிப்பு எண் இல்லாமல், இரண்டு படிகள் மட்டும் இருந்து, இரண்டும் வேறு வேறாகச் சொன்னால் எதை நம்புவது? தாராசுரத்துக்குப் பக்கத்தில் கும்பகோணத்தில் ஒருவர் இந்தக் கேள்வியோடு வாழ்ந்தார். உ.வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க அவர் ஊர் ஊராக ஏடு தேடினார். ஒரு ஏடு கிடைத்தால் போதுமென்று இருக்கவில்லை. பல ஏடுகளைச் சேர்த்து, வரிக்கு வரி ஒப்பிட்டு, பாடபேதங்களைக் குறித்து, எது மூலம், எது எழுதியவர் கைப்பிழை என்று தீர்மானித்தார். 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது. பல சர்வர்களில் உள்ள படிகளை ஒப்பிட்டுப் பெரும்பான்மை எது என்று பார்ப்பது இன்று எங்கள் அமைப்புகளில் நொடிக்குப் பல்லாயிரம் முறை நடக்கிறது. ஐயர் அதை விளக்கொளியில் கண்ணால் செய்தார், பெரும்பான்மை தவறாக இருக்கும் இடத்தையும் கண்டார். அந்தத் திறமை எந்த இயந்திரத்துக்கும் இன்னும் முழுதாக வரவில்லை என்பது என் எண்ணம்.

தாராசுரத்தில் காட்டாமல் விட முடியாத சிற்பம் ரிஷபகுஞ்சரம். ஒரு பக்கத்து உடலை மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. இரண்டுக்கும் தலை ஒன்று. டீடூப் என்று நாங்கள் சொல்லும் உத்தியை இதைவிடத் தெளிவாக யாரும் வரைந்ததில்லை. ஒரு நிறுவனத்தில் ஒரே சுற்றறிக்கை ஆயிரம் பேர் மின்னஞ்சலில் கிடந்தால், ஒன்றை மட்டும் டிஸ்க்கில் வைத்துவிட்டு மற்ற 999 இடங்களில் அதைச் சுட்டும் குறிப்பை மட்டும் வைப்போம். இடம் பெருமளவு மிச்சமாகும். ஆனால் அந்தத் தலை உடைந்தால் காளையும் இல்லை, யானையும் இல்லை. ஆகவே பொதுத்துண்டுகளுக்குக் கூடுதல் காவல் போட வேண்டும். இட மிச்சத்தில் மகிழ்ந்து இதை மறந்த இடங்கள் உண்டு.

எத்தனை டிஸ்க், எத்தனை ‘ஆக’ வைத்தாலும் அறையே எரிந்தால் என்ன செய்வது? 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் பேட்டரிகளில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் பணிக்கோப்புகளை வைத்திருந்த 858 டெராபைட் சேமிப்பு அழிந்தது. அதற்கு வேறிடத்தில் படி இல்லை. அளவு மிகப் பெரியது, அதனால் எடுக்கவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். தொழில்நுட்பத்தில் உலகத்துக்கே முன்னால் நிற்கும் நாடு அது.

சோழ ஆணைகளில் ‘கல்லிலும் செம்பிலும்’ வெட்டிக்கொள்ளச் சொல்லும் தொடரைப் பார்க்கலாம். கல் கோயிலில் நிற்கும். செப்பேட்டைத் தானம் பெற்றவர் தம்மிடத்தில் வைத்துக்கொள்வார். இரண்டு ஊடகம், இரண்டு இடம். அந்த ஆணை உருவாகும் விதமும் கவனிக்கத்தக்கது. அரசன் வாயால் சொன்னதைத் திருமந்திர ஓலை எழுதுவார், ஓலைநாயகம் பார்த்து ஒப்புவார், பிறகு புரவுவரி, வரிப்பொத்தகம், முகவெட்டி என்று வருவாய்த் துறையினர் கைகளைக் கடந்துதான் வரியில் ஏறும். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை முதலாம் ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் கொடுத்தான். அதைச் செப்பேட்டில் ஏற்றி நிலைநிறுத்தியவன் மகன் ராஜேந்திரன். லைடன் செப்பேடுகள் என்று உலகம் அறிந்தவை அவைதாம்.

ஆணைக்கும் படிக்கும் இடையிலான அந்த இடைவெளி எங்களையும் விடுவதில்லை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் 300 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஓர் ஊருக்கும் போய்த் திரும்ப 3 மில்லிநொடி. கேட்க ஒன்றுமில்லைபோல் தோன்றும். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தூரத்துப் படியிலும் ஏறிய பிறகே ‘முடிந்தது’ என்று சொல்வதென்றால், ஒரு வங்கியின் ஆயிரக்கணக்கான பரிமாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்துக்கிடக்கும். அதனால் பக்கத்து ஊர்ப் படியை உடனுக்குடன் எழுதுவோம், தொலைதூரப் படியைச் சில நொடி பின்தங்க விடுவோம். பேரிடர் வந்தால் அந்தச் சில நொடித் தரவு போகும். எத்தனை நொடியை இழக்கத் தயார் என்பதை நிறுவனத்தின் தலைமை முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட வேண்டும். இழப்பின் அளவை முன்பே ஒப்புக்கொள்ளச் சொல்லும் அந்தக் கூட்டம்தான் எங்கள் வேலையில் மிகக் கடினமான கூட்டம்.

இத்தனைக்குப் பிறகும் எந்த ஊடகமும் நிலையில்லை. தானக் கல்வெட்டுகள் சந்திரன் சூரியன் உள்ளவரை என்று சொல்லும். டிஸ்க் அடுக்கு பொதுவாக ஐந்து ஆண்டு உத்தரவாதத்தோடு வரும். காந்த நாடா முப்பது ஆண்டுகூட இருக்கும். ஆனால் அதைப் படிக்கும் கருவி அதற்குமுன் கடையைவிட்டுப் போய்விடும். எல்டிஓ என்ற நாடா வகையில் எட்டாம் தலைமுறைக் கருவி, ஏழாம் தலைமுறை நாடாவரைதான் திரும்பிப் படிக்கும். தாராசுரத்துச் சிற்பங்களின் எழுத்து அப்படியே நிற்கிறது, தமிழ்தான், ஆனாலும் சோழர்கால வடிவம் பழகாத நம்மில் பெரும்பாலோர் அதன்முன் எழுத்தறியாதவர்களாக நிற்கிறோம். ஊடகம் நிலைத்தது, படிக்கும் கருவி மாறிவிட்டது.

தீர்வு ஒன்றுதான்: பழையது படிக்கக் கூடியதாக இருக்கும்போதே புதியதில் படி எடுத்துவிட வேண்டும். இதைச் சோழநாடு அறிந்திருந்தது. கும்பகோணத்துக்குக் கிழக்கே, காவிரி வடகரையில் திருக்கோடிக்காவல் இருக்கிறது. 10-ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் அந்தக் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, அங்கே கிடந்த பழைய கற்களில் பல்லவர் காலத்துத் தானங்கள்கூட இருந்தன. பழைய கற்களை அகற்றும்முன் அவற்றிலிருந்த எழுத்தைப் படியெடுத்துப் புதுச் சுவரில் மீண்டும் வெட்டினார்கள். அதோடு விடாமல், அந்தப் படிகளில் ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்று எழுதிவைத்தார்கள். தங்கள் காலத்தில் வெட்டியதைப் பழையதாகக் காட்டவில்லை, பழையதைத் தங்களுடையதாகவும் காட்டவில்லை. எங்கிருந்து வந்தது என்பது தரவோடு ஒட்டியே பயணம் செய்கிறது. ஒரு சேமிப்பிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்புகளை மாற்றும்போது மூலம், தேதி, சரிபார்த்த எண் மூன்றையும் கூடவே அனுப்ப வேண்டும் என்று புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் நான் திருக்கோடிக்காவலைச் சொல்வேன்.

அந்த வேலை தொடர்கிறது. 1886-ல் அரசின் கல்வெட்டாய்வாளராக வந்த ஹூல்ஷ் காலம்தொட்டு, கல்வெட்டுகளின் மேல் ஈரத்தாளை ஒற்றி மை தடவி மசிப்படி எடுத்துவருகிறார்கள். திருப்பணியிலும் மணல்வீச்சிலும் எத்தனையோ கற்கள் எழுத்திழந்துவிட்ட பிறகு, பல இடங்களில் மிஞ்சியிருப்பது அந்தத் தாள்தான். தாளும் நொறுங்குகிறது. மைசூரில் இருந்த தமிழ் மசிப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-ல் உத்தரவிட்டது. 2023-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட், ஐதராபாத்தில் எண்ணிமக் கல்வெட்டுத் தொகுப்பு ஒன்றை அமைத்து, முதற்கட்டமாக 1 லட்சம் கல்வெட்டுகளை மின்படியாக்கப் போவதாக அறிவித்தது. கல்லிலிருந்து தாளுக்கு, தாளிலிருந்து டிஸ்க்குக்கு. அந்த டிஸ்க்குகளும் மற்றவை போலத்தான் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றும், அவற்றிலும் ஆரஞ்சு விளக்கு எரியும். அவற்றை நிறுவும் பொறியாளர், பெட்டியைப் பிரிக்கும் அன்றே, அடுத்த படி எடுக்க வேண்டிய ஆண்டையும் குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும்.